வெளுத்துக்கொண்டே போன வடிகட்டி

கறுக்க வேண்டிய ஓடு வெளுத்துக்கொண்டு வந்தது. முதல் குழப்பம் அதுதான். பிறகு வந்தவை எல்லாம் அதன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்.

ஒரகடத்தில் ஒரு சின்ன ஷெட்டில் எனக்கு வேலை. பொறியியல் முடித்த கையோடு சேர்ந்தேன். சுற்றிலும் கார் செய்கிறவர்கள், காருக்குக் கண்ணாடி செய்கிறவர்கள், அந்தக் கண்ணாடியைத் துடைக்கும் ரப்பர் செய்கிறவர்கள். அந்தக் கார்களும் லாரிகளும் கிளப்பிவிடுகிற தூசியைப் பிடிக்கிறவர்கள் நாங்கள் மட்டும்தான். வீட்டுக்கு வருகிற உறவுக்காரர்களிடம் அப்படித்தான் சொல்லிக்கொள்வேன். அவர்கள் தலையாட்டிவிட்டு, "கார் கம்பெனில கிடைக்கலியா?" என்று கேட்பார்கள்.

களிமண்ணோடு உமித்தூளைச் சேர்த்துப் பிசைந்து, ஓடாக அழுத்திச் சுடுவோம். சூட்டில் உமி எரிந்து போய்விடும். உமி இருந்த இடமெல்லாம் துளையாக நிற்கும். கண்ணுக்குத் தெரிகிற துளை கொஞ்சம், தெரியாத துளை கோடி. அந்தத் துளைகள் வழியாகக் காற்றை இழுத்தால், டீசல் புகையின் கரியும், டயரும் பிரேக்கும் தேய்ந்து பறக்கிற தூளும் உள்சுவர்களில் ஒட்டிக்கொள்ளும். காற்று மட்டும் மறுபக்கம் போகும். சொல்வதற்கு எவ்வளவு சுலபமாக இருக்கிறது. நேர்முகத் தேர்வில் சார் இதைச் சொன்னபோதே எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

சார் என்றால் எங்கள் முதலாளி. கார்த் தொழிற்சாலை ஒன்றில் பல வருடம் இருந்துவிட்டு, கையில் இருந்ததை எல்லாம் போட்டு இதைத் தொடங்கியவர். அதிகம் பேச மாட்டார். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு பெட்டி. பீரோ உயரம், உள்ளே அடுக்கடுக்காக ஓடுகள், பின்னால் ஒரு மின்விசிறி. ஒரகடம் மேம்பாலத்துக்குக் கொஞ்சம் தள்ளியிருந்த பேருந்து நிறுத்தத்தில் அதை வைக்க அனுமதி வாங்கினார். நிழற்குடையின் கூரைமேல் சூரியத் தகடு ஏறியது. சாலைப் பக்கம் காற்றை இழுத்து, நிற்கிறவர்கள் பக்கம் விட வேண்டும். ஓடுகள் நன்றாகச் சிவந்த ரஸ்க் மாதிரி இருந்ததால், வைத்த மறுநாளே அதற்கு 'ரஸ்க் பொட்டி' என்று பெயர் விழுந்துவிட்டது.

அந்த நிறுத்தத்தில் ஒருவர் காலையிலிருந்து நிற்பார். தொழிற்சாலை ஆட்களை ஏற்றிப் போகிற ஷிப்ட் பஸ்களைக் குத்தகைக்கு ஓட்டும் ஒருவரிடம் வேலை. எந்தப் பஸ் முன்னால், எது பின்னால், எது கிளம்பலாம் என்று விசில் ஊதி வரிசைப்படுத்துவார். பஸ்கள் அணைக்காத இன்ஜினோடு உறுமிக்கொண்டு நிற்கும், அவர் அவற்றின் புகைவாய்களுக்கு நடுவே நடப்பார். நாற்பதைத் தாண்டிய உள்ளூர்க்காரர். நான் அண்ணா என்பேன், அவர் பாப்பா என்பார். புகை பக்கமே போகாதே என்று மருத்துவர் அவருக்குச் சொல்லிவிட்டார். குத்தகைக்காரரோ, இதைத் தவிர உனக்குக் கொடுக்க என்னிடம் வேறு வேலை கிடையாது, முடியாவிட்டால் வேறு ஆள் போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். இரண்டையும் நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் எங்கள் பெட்டியை அவர் பார்த்தார். பெட்டியை இறக்கிய அன்று என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "இது மெய்யாலுமே புகைய இழுக்குமா?" என்று கேட்டார். இழுக்கும் என்றேன், கொஞ்சமும் யோசிக்காமல்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் காலை நெரிசல் அடங்கிய பிறகு போய், ஓடுகளைக் கழற்றி, வேறு ஓடுகளை மாட்டிவிட்டு வருவேன். கழற்றியவற்றை ஷெட்டில் அடுப்பில் வைத்து ஈரம் போக உலர்த்தி, ஆறவிட்டு எடை போட வேண்டும். போன எடைக்கும் வந்த எடைக்கும் உள்ள வித்தியாசம்தான் பிடித்த தூசி. முதல் வாரமே எடை நாங்கள் எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாக ஏறியிருந்தது. இரண்டாம் வாரம் இன்னும் அதிகம். சார் தராசை இரண்டு முறை பார்த்துவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அண்ணனும் நெஞ்சு லேசாக இருக்கிறது என்று சொன்னார். அதையும் சாரிடம் பெருமையாகச் சொல்லிவைத்தேன்.

ஆனால் நிறம் சரியில்லை. அவ்வளவு கரியைத் தின்ற ஓடு கறுத்திருக்க வேண்டாமா? எங்கள் ரஸ்க், ரஸ்க் நிறத்தையும் இழந்து மாவு பூசினாற்போல் ஆகிக்கொண்டிருந்தது. அடுப்பில் கரி எரிந்துபோகிறதோ என்று பார்த்தேன். ஈரம் காய வைக்கிற அந்தச் சூட்டில் கரி எரியாது. அப்புறம் கல்லை உடைத்துச் செய்கிற எம்சாண்ட் மணலை ஏற்றிப் போகிற டிப்பர் லாரிகள் ஞாபகத்துக்கு வந்தன. வெள்ளைத் தூசி, வெள்ளை ஓடு, கேள்வி முடிந்தது! ஒரு மதியம் முழுக்கப் பாலத்தின் மேல் நின்று டிப்பர்களைப் பார்த்தேன். முகமெல்லாம் தூசியோடு திரும்பி வந்து கண்ணாடியைப் பார்த்தால், முகத்தில் கட்டியிருந்த கைக்குட்டை கறுப்பாகத்தான் இருந்தது. பெட்டிக்குக் கீழே தரையில் ஒரு கறுப்புக் கறை வேறு. யாரோ இன்ஜின் ஆயில் கொட்டியிருப்பார்கள் என்று அதைத் தாண்டிப் போயிருந்தேன்.

கடைசியில் ஒரு ஓட்டை எடுத்து நக்கிப் பார்த்தேன்.

அடுப்புப் பக்கம் என்னோடு வேலை பார்க்கிறவள் தென்காசிக்காரி, இங்கே ஹாஸ்டலில் இருக்கிறாள். கையுறையைக் கழற்றாமலே இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏட்டி, என்னத்துக்குக் கல்ல நக்குத? வீட்ல சோறு போடலியா?"

"உப்புக் கரிக்குதுடி."

"கடல் எங்க கெடக்கு, ஒரகடம் எங்க கெடக்கு?"

அவள் கேலிக்குத்தான் கேட்டாள். நான் கடலிலிருந்து காற்றில் உப்பு எவ்வளவு தூரம் வரும் என்று இரண்டு நாள் தேடிப் படித்தேன். வரும் என்றும் இருந்தது, இவ்வளவு தூரம் வராது என்றும் இருந்தது. எனக்குச் சில சமயம் மூளை இப்படித்தான், பக்கத்தில் இருப்பதை விட்டுவிட்டுக் கடலுக்குப் போய்விடும்.

அலுத்துப்போய் ஒரு புதன்கிழமை பிற்பகலில், இரண்டாம் ஷிப்ட் பஸ்கள் வருகிற நேரத்துக்கு நிறுத்தத்துக்குப் போனேன். அந்த வெயில் நேரத்தில் நான் அங்கே போனதே இல்லை. அண்ணன் பக்கத்துப் பஞ்சர் கடை டிரம்மிலிருந்து ஒரு வாளி தண்ணீர் கொண்டுவந்து, மக்கில் மொண்டு மொண்டு பெட்டியின் முகத்தில் வீசிக்கொண்டிருந்தார். ஓடுகள் தண்ணீரை உறிஞ்சின. மிச்சம் கறுப்பாக ஒழுகி, நான் ஆயில் என்று நினைத்த அந்தக் கறையில் போய்ச் சேர்ந்தது. உள்பக்கம் நின்ற பெண்கள் துப்பட்டாவை விலக்கி முகத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

"என்னண்ணா பண்றீங்க?"

"தண்ணி ஊத்துறேன் பாப்பா."

"எதுக்கு?"

"ஊத்துனா ஜில்லுனு காத்து வருதே. நீதான செஞ்ச, உனக்கே தெரியாதா?"

பெட்டியின் பின்பக்கம் போய் நின்றேன். உண்மையாகவே அவ்வளவு சில்லென்று இருந்தது. மண்பானையில் தண்ணீர் ஏன் குளிர்கிறது என்று பரீட்சையில் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன். துளையுள்ள மண், தண்ணீர், காற்று. நாங்களே மூன்றில் இரண்டைக் கொண்டுவந்து நட்டுவைத்துவிட்டு, மூன்றாவது வந்து சேராது என்று நினைத்திருந்தோம். ஷேர் ஆட்டோ ஓட்டுகிற ஒருவர், அண்ணனுக்குத் தோஸ்து, வண்டியில் சாய்ந்தபடி, "மேடம், ஏசி பஸ்ஸவிட இது டாப்பா கீது. எங்க ஸ்டாண்டாண்ட ஒண்ணு போடு" என்றார்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று அண்ணனைக் கேட்டேன். நான் கேட்கவில்லையே என்றார். வைத்த இரண்டாம் நாளிலிருந்தே ஊற்றுகிறாராம். சனிக்கிழமை காலை நான் போகும்போது எல்லாம் காய்ந்துவிடும்.

வண்டியில் திரும்பும்போதே எல்லாம் பளிச்சென்று விளங்கியது, விளங்கியதும் மறுபடி கலங்கியது. பஞ்சர் கடைத் தண்ணீர் போர்வெல் உப்புத் தண்ணீர், எங்கள் வீட்டு வாளியிலும் அதே வெள்ளைப் படிவம் உண்டு. தண்ணீர் ஆவியாகிவிட, உப்பு துளைக்குள் தங்கிவிட்டது. நாங்கள் தூசி என்று எடை போட்டுச் சிரித்தது அந்த உப்பை. அன்று மாலையே ஓடுகளை நல்ல தண்ணீரில் ஊறவைத்து அலசி, உலர்த்தி, எடை போட்டேன். ஏறிய எடையில் பெரும்பகுதி கரைந்து போயிருந்தது. சரி, மிச்சம்தான் தூசி என்று எழுதலாமா? அதுவும் முடியாது. பிடித்த கரியைத்தான் அண்ணன் தினமும் கழுவித் தரையில் விட்டிருக்கிறாரே. அப்படியானால் ஓடு வேலை செய்ததா, செய்யவில்லையா? அண்ணனுக்கு நெஞ்சு லேசானது தூசி குறைந்ததாலா, குளிர்ச்சியாலா, ஈரத்தாலா, அல்லது ஒரு பொறியியல் படித்த பெண் 'இழுக்கும்' என்று சொன்னதாலா?

சாரிடம் சொன்னேன். அவர் உப்பு படிந்த ஓட்டை விரலால் தேய்த்துப் பார்த்தார். திட்டவில்லை. இன்னும் ஒரு மாதம், ஒரு சொட்டுத் தண்ணீர் படக் கூடாது, அப்போதுதான் தெரியும் என்றார்.

அண்ணனிடம் அதைச் சொல்வது எனக்குச் சுலபமாக இல்லை. கத்திரி வெயில் தொடங்கியிருந்தது. தண்ணீர் ஊற்றினால் எங்கள் கணக்கு கெட்டுவிடும் என்று விளக்கினேன். உன் கணக்கு நேராக ஆகிற வரைக்கும் என் நெஞ்சு யார் பொறுப்பு என்று கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்து, சரி போ என்றார். ஆட்டோக்காரரிடமும் மற்றவர்களிடமும் அவரே சொல்லி நிறுத்திவைத்தார்.

அந்த மாதம் ஓடுகள் கறுத்தன. சும்மா கறுக்கவில்லை, தோசைக்கல் மாதிரி கறுத்தன. எடையும் ஏறியது, இந்த முறை உப்பு இல்லை, அலசிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். தென்காசிக்காரி ஓட்டைத் தூக்கிக் காட்ட நான் படம் எடுத்து, தெரிந்தவர்கள் எல்லோருக்கும் அனுப்பினேன். என் அத்தை ஒருத்தி, 'கேக் கருகிப்போச்சா' என்று பதில் போட்டாள். அண்ணனிடம் நேரில் காட்ட வேண்டும் என்று ஒரு பிற்பகல் கறுத்த ஓடு ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

நிழற்குடையில் ஒருவரும் இல்லை. பெஞ்சுக்கடியில் ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது. வெயிலில் காய்ந்த பெட்டி, உள்ளேயிருந்து அனலாகக் காற்றை ஊதிக்கொண்டிருந்தது. சுத்தமான காற்றுதான். அந்த நேரத்தில் ஒரகடம் வட்டாரத்திலேயே நல்ல காற்றைச் சுவாசித்த ஜீவன் அந்த நாயாகத்தான் இருக்கும்.

கொஞ்சம் தள்ளி, பஞ்சர் கடையை ஒட்டி ஒரு தூங்குமூஞ்சி மரம். அதன் நிழலில், வரிசையாக உறுமிக்கொண்டு நின்ற பஸ்களின் வாலுக்கு நேராக எல்லோரும் நின்றிருந்தார்கள். அண்ணன் அங்கேதான் இருந்தார். விசிலை வாயில் வைத்தார், ஊதத் தொடங்கியதும் இருமல் வந்து, விசில் துண்டு துண்டாக வந்தது. அப்புறம் விசிலை விட்டுவிட்டுப் பஸ்ஸின் பக்கத்தைக் கையால் தட்டினார். பஸ் கிளம்பியது, புகை எங்கள் எல்லோர் மேலும் ஒரு போர்வையாக விழுந்தது.

எனக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. அங்கே நல்ல காற்று வருகிறது, இங்கே வந்து ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்டேன்.

"அங்க நின்னா வேவுது பாப்பா. இங்க நின்னா இருமுது. இருமல் நமக்குப் பழக்கம்."

பையிலிருந்து ஓட்டை எடுத்துக் காட்டினேன். இதெல்லாம் உங்கள் நெஞ்சுக்குள் போயிருக்க வேண்டியது என்றேன். ஆட்டோக்காரர் வாங்கி முகர்ந்து பார்த்து, "இத்தினி கரியா இழுத்துகீறோம்? சூளை வச்சுக்கலாம் போலகீதே" என்றார். சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. அந்த வாரம் இரண்டு நாள் லீவு போட்டிருந்தாராம். இன்னொரு தடவை போட்டால் ஆள் மாற்றிவிடுவேன் என்று குத்தகைக்காரர் சொல்லியிருக்கிறார். ஓட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்போ உன் கல்லு பாஸா?"

"பாஸ்தான்ணா."

"பாஸானா இன்னா பண்ணுவீங்க?"

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலை கேட்டிருக்கிறது, இருக்கிற ஒரு பெட்டியை எடுத்துப்போய் அவர்கள் வாசலில் வைத்துக் காட்டுவோம் என்றேன்.

"ஃபெயிலாயிருந்தா?"

"ஷெட்டுக்கு எடுத்துட்டுப் போயிருப்போம்."

அவர் ஓட்டை என் கையில் கொடுத்தார். "நல்லா கீதே. பாஸானாலும் பூடும், ஃபெயிலானாலும் பூடும். இத்தினி நாளு நான் எதுக்கு வெயில்ல காஞ்சேன்?"

அடுத்த பஸ் வந்துவிட்டதால் அவர் போய்விட்டார். வண்டியைக் கிளப்பப் போனவள், கிளப்பாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நாங்கள் எடை போட்டது ஓட்டை. அந்த ஓட்டின் வழியாக வந்த காற்றை யார் சுவாசித்தார்கள் என்று யாரும் எடை போடவில்லை. அதை எப்படி எடை போடுவது? அது எங்கள் வேலையா? வேலை இல்லையென்றால், நான் உறவுக்காரர்களிடம் இத்தனை நாள் என்ன சொல்லிக்கொண்டிருந்தேன்?

மறுநாள் காலை சாரின் மேசைமேல் கறுத்த ஓடு இருந்தது. தொழிற்சாலைக்காரர்களிடம் பேசிவிட்டார், அடுத்த வாரம் பெட்டியை மாற்றலாம் என்றார். நான் நிழற்குடை காலியாக இருந்ததைச் சொன்னேன்.

"ஓடு பிடிச்சிருக்கு இல்லம்மா?"

"பிடிச்சிருக்கு சார். ஆனா அங்க யாரும் நிக்கல."

"அது நம்ம பிரச்சினையா?"

அந்தக் கேள்விக்கு எனக்கு இன்றைக்கும் பதில் தெரியாது. ஆனால் வாய் அதுபாட்டுக்கு வேறொன்றைச் சொல்லிவிட்டது. தொழிற்சாலை வாசலிலும் செக்யூரிட்டிகள் நிற்பார்கள். அங்கேயும் இதே வெயில்தான். அவர்களும் தண்ணீர் ஊற்றுவார்கள். ஊற்றினால் துளை உப்பால் அடைபடும், பிடித்த கரியும் கழுவிப் போகும், நாம் கொடுத்த கணக்கு பொய்யாகும். ஊற்றாவிட்டால் அவர்களும் மரத்தடிக்குப் போய்விடுவார்கள். நனைந்த ஓடு தூசியை எவ்வளவு பிடிக்கும் என்று நமக்குத் தெரியாது. உப்பில்லாத தண்ணீர், கழுவிப் போகாத அளவு கொஞ்சமாக ஊற்றினால் என்ன ஆகும் என்றும் தெரியாது. தெரியாமல் எடுத்துக்கொண்டு போகிறோம் சார்.

சார் ஓட்டை மேசையின் ஓரத்துக்கு நகர்த்தினார். உப்பில்லாத தண்ணீருக்கு எங்கே போவாய் என்று கேட்டார். நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு ஏடிஎம் இருக்கிறது, அதன் ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீர் காற்றிலிருந்து வருவது, அதில் உப்பு இருக்காது என்றேன். முந்தின நாள் வண்டியில் உட்கார்ந்திருந்தபோது அதுதான் என் முன்னால் சொட்டிக்கொண்டிருந்தது. தொழிற்சாலைக்குப் போன் போட்டு, இன்னும் சில வாரம் ஆகும் என்றார். என்னிடம், "தெரிஞ்சுக்கிட்டு வா" என்று மட்டும் சொன்னார்.

அன்றே ஏடிஎம் பின்னால் ஒரு வாளி வைத்தோம். ஆட்டோக்காரர், "இந்த மிசின்ல பணம்தான் வர்ரதில்ல, தண்ணியாச்சும் வருதே" என்றார். வீசக் கூடாது, தோட்டத்துக்குப் பூவாளியில் தெளிப்பதுபோல் லேசாகத் தெளிக்க வேண்டும் என்று அண்ணனுக்குக் காட்டினேன். எல்லோரும் நிழற்குடைக்குத் திரும்பினார்கள். நாய் மரத்தடிக்குப் போனது.

அந்த ஓடுகள் கறுக்கவும் இல்லை, வெளுக்கவும் இல்லை. மேலே திட்டுத் திட்டாகச் சாம்பல் நிறம், ஓரங்களில் கறுப்பு, நடுவில் பழைய ரஸ்க். எடை, அன்று உப்பை அலசியபின் மிஞ்சியதற்கும் தண்ணீர் படாத மாதத்து எடைக்கும் நடுவில் எங்கோ வந்தது. ஒரு வாரம் கூடும், ஒரு வாரம் குறையும். ஈரத்தில் தூசி சேறாகி ஒட்டுவது ஒரு பக்கம் நல்லதாகத் தெரிந்தது, அதே சேறு துளையை அடைத்துக் காற்றைக் குறைப்பது இன்னொரு பக்கம் தெரிந்தது. அண்ணன் சில நாள் முழு விசில் ஊதினார். சில நாள் தட்டினார். எவ்வளவு நேரம் தம் பிடித்து ஊதுகிறார் என்று கைப்பேசியில் அளந்து பார்க்க ஆரம்பித்தேன். ஒருநாள் நன்றாக நீளமாக ஊதினார், துள்ளிக் குதித்தேன். முந்தின நாள் பஸ்கள் ஓடாத விடுமுறை என்று பிறகு தெரிந்தது. அதற்குள் மழை தொடங்கி ஊரிலிருந்த தூசியையே அடக்கிவிட்டது. செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கமிருந்து ஈரக்காற்று வந்தது. எது எதனால் என்று பிரித்துப் பார்க்க இருந்த கொஞ்சம் வழியும் மூடிக்கொண்டது.

சார் கேட்டபோது தெரியவில்லை என்றேன். மழை விட்டதும் பார்ப்போம் என்றார். பெட்டி அங்கேயே நிற்கட்டும் என்றார்.

அந்தச் சனிக்கிழமை ஓடு கழற்றப் போனபோது, தலைகுனிந்துகொண்டே அண்ணனிடமும் அதைச் சொன்னேன். இவ்வளவு படித்து, இத்தனை மாதம் எடை போட்டு, உங்கள் நெஞ்சுக்கு இது நல்லது செய்கிறதா என்று எனக்கு இன்னும் சொல்லத் தெரியவில்லை அண்ணா என்றேன். அவர் குடையை என் பக்கம் பிடித்துக்கொண்டிருந்தார், ஓட்டின் மேல் மழை விழாமல்.

"தெரியாமலே இருக்கட்டும் பாப்பா. தெரிஞ்சிச்சினா தூக்கிக்கினு பூடுவீங்க."

"சார் கேக்கறாருண்ணா."

"கேக்கட்டும். நீ மெதுவா தெரிஞ்சுக்க."

அவர் கேலி செய்கிறாரா, கெஞ்சுகிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இருமல் வந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எதையும் அன்றைக்கே தெரிந்துகொண்டாக வேண்டும் என்று பறக்கிறவள் நான். பள்ளிக்கூடத்திலேயே மணி அடிப்பதற்கு முன்னால் விடையைக் கத்திவிடுவேன். இதை எழுதுகிற இந்த வாரம் மழை விட்டிருக்கிறது. டிப்பர்கள் ஓடத் தொடங்கிவிட்டன, சாலை மறுபடி வெளுக்கிறது. நாளை சனிக்கிழமை. போய் ஓடுகளைக் கழற்றி, உலர்த்தி, எடை போட வேண்டும். இந்த முறை தெளிவாக ஒரு எண் வந்துவிடும் என்று தோன்றுகிறது. வர வேண்டும் என்று நினைக்கிறேனா, வரக் கூடாது என்று நினைக்கிறேனா, அதுதான் பிடிபடவில்லை.